நிரலோடும் காலத்தை அளத்தல்

நிரல்கள் இரண்டனுள் விரைவுடையது யாது என்னும் வினா எளியது போலத் தோன்றும். இரண்டையும் ஒருமுறை ஓட்டிக் கடிகாரத்தை நோக்கின் விடை கிடைக்குமன்றோ எனின், கிடையாது. அங்ஙனம் நோக்கி யாம் ஏமாந்தமையே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

1969-ஆம் ஆண்டிற் பெல் ஆய்வுக்கூடத்திற் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் தொடங்கிய யூனிக்ஸிலும் அதன் வழிவந்தவற்றிலும் 'டைம்' என்றொரு கட்டளை உண்டு. வேறொரு கட்டளைக்கு முன்னர் அதனை எழுதி ஓட்டின், முடிவில் மூன்று எண்கள் தோன்றும். 'ரியல்' என்பது தொடக்கமுதல் முடிவுவரை கழிந்த பொழுது. 'யூஸர்' என்பது நிரலின் சொந்தக் கணிப்பிற்குச் செயலகம் உழைத்த பொழுது. 'ஸிஸ்' என்பது கோப்பினைப் படித்தல் முதலிய பணிகளை நிரலின் பொருட்டுக் கெர்னல் செய்த பொழுது.

'ஸ்லீப் 5' என்னும் கட்டளையை அளப்பின், முதலெண் 5 வினாடியாகவும் ஏனைய இரண்டும் ஏறக்குறையச் சுழியாகவும் நிற்கும். உறங்குவோன் பொழுதைக் கழிக்கின்றானேயன்றி உழைக்கின்றானல்லன். மறுதலையாக, செயலகத்தின் 4 கருக்கள் ஒருங்கே உழைப்பின், 5 வினாடியில் முடிந்த வேலைக்கு யூஸர் எண் 20 வினாடியை அணுகும். நால்வர் ஐந்து நாள் செய்த வேலைக்கு இருபது ஆட்கூலி கணக்கிடுதலை இஃது ஒக்கும்.

இனி, யாம் ஏமாந்தவாறு கூறுவாம். பெரியதொரு கோப்பிற் சொல்லொன்றைத் தேடும் பழைய நிரலை முதலிலும், யாம் எழுதிய புதியதனைப் பின்னரும் ஓட்டினோம். புதியது பன்மடங்கு விரைந்து முடிந்தது. மகிழ்ந்து பழையதனை நீக்கவும் துணிந்தோம். பின்னர் ஐயுற்று, கணினியை அணைத்து மீளத் தொடங்கி, வரிசையை மாற்றி ஓட்டினோம், பழையதே வென்றது! முதலில் ஓடுவது கோப்பினை வட்டிலிருந்து படிக்கின்றது. கெர்னல் அதனை நினைவகத்தில் வைத்துக்கொள்ள, அடுத்தது ஆண்டிருந்தே எளிதிற் பெறுகின்றது. முன்னவன் காடு வெட்டினான். பின்னவன் அவ்வழியே நடந்தான்.

ஆதலின், கணக்கிற் சேராத முன்னோட்டம் ஓரிரண்டு வேண்டும். பின்னர்ப் பன்முறை ஓட்டிச் சராசரியோடு மிகக் குறைந்ததனையும் மிக நீண்டதனையும் குறித்தல் வேண்டும். 'ஹைப்பர்ஃபைன்' என்னும் கருவி, வேறு கூறாவிடின், 10 முறையேனும் ஓட்டி இவற்றைத் தரும். கட்டளை ஓடு தொடங்கும் சிறுபொழுதையும் அளந்து கழித்துவிடும்.

அங்ஙனம் அளந்தபோது எம் நிரல்கள் இரண்டும் ஒத்தே நின்றன. பழையது இன்றும் பணியில் உளது. நாம் விரும்பும் விடை முதலளவிலேயே கிடைக்குமாயின், அப்பொழுதே மீண்டும் அளத்தல் கடன்.