தோற்ற கட்சிக்காரரோடு ஒரு டீ

டீ ஆறிவிடும், முதலில் குடியுங்கள் தம்பி. ஜனங்களுக்குப் புத்தியில்லை, காசுக்கு ஓட்டை விற்றுவிட்டார்கள் என்று நீங்கள் கொதிப்பது புரிகிறது. வெயிலில் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்து அலைந்தவருக்குத் தோல்வி வலிக்கத்தான் செய்யும். கோபப்படாதே என்று சொல்ல நான் வரவில்லை. கோபம் யார்மீது என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது. அதற்கு 1967 தேர்தலைவிட நல்ல பாடம் கிடையாது.

அந்த பிப்ரவரியில் சென்னை மாநிலத்தின் 234 தொகுதிகளில் தி.மு.க. 137ஐப் பிடித்தது, காங்கிரசுக்கு 51. முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர், சொந்த ஊரான விருதுநகரில், பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். நேருவுக்குப் பிறகு இரண்டு பிரதமர்கள் வருவதற்குத் துணை நின்றவர் காமராஜர், தம்பி. இன்றைக்கும் வயதானவர்கள், பள்ளிக்கூடம் திறந்து மதியச் சோறு போட்டவரையா தோற்கடித்தோம் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவதைக் கேட்டிருப்பீர்கள்.

நான் அப்படி மாய்ந்துபோவதில்லை. ஓட்டு என்பது செய்த நன்மைக்குக் கொடுக்கும் கூலி இல்லை. நேற்று செய்ததைச் சாட்சியாக வைத்துக்கொண்டு நாளைக்கு யார் என்று கேட்பது அது. 1967இல் ஜனங்களுக்கு நாளையைப் பற்றிய பயம் இருந்தது. அரிசி கிடைக்கவில்லை, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகவில்லை. பருப்பு விலையையும் அரிசி விலையையும் தலைவர்களின் பெயரோடு ‘அண்ணாச்சி’ போட்டு எதுகையில் கேட்கும் கோஷங்கள் தெருத்தெருவாக ஒலித்தன. அதற்கு இரண்டு வருடம் முன்புதான், 1965 ஜனவரியில், இந்தி ஆட்சிமொழி ஆவதை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். துப்பாக்கிச்சூடு நடந்தது, பிள்ளைகள் செத்தார்கள். மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் அளவுக்குப் போனது. மேலே இருந்தவர்களுக்கு அந்தக் கோபம் ஒரு சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகத்தான் தெரிந்தது. கல்லூரிப் பையன் அடிபட்டு வந்த வீட்டில் அது வேறு மாதிரி தெரிந்திருக்கும் அல்லவா? விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரை நிறுத்தியது தற்செயல் இல்லை.

இனி, தோற்றவர்கள் என்ன பேசினார்கள் என்று பாருங்கள். நாட்டில் விஷக்கிருமிகள் பரவிவிட்டன என்ற பொருளில் பக்தவத்சலம் பேசினார். காந்தி காலத்திலிருந்து அரசியலில் இருந்தவர், சிறை சென்றவர், கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் என்ன நடந்துவிட்டது? தமக்கு ஓட்டுப் போடாதவன் நோயாளி ஆகிவிட்டான். நோயாளியிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. அரிசியைப் பற்றியும் துப்பாக்கியைப் பற்றியும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதோடு அடைபட்டுப்போனது. நீங்கள் சொல்லும் ‘காசுக்கு விற்றுவிட்டார்கள்’ என்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது. காசு கைமாறவில்லை என்று நான் சொல்லவில்லை, அது குற்றம், புகார் கொடுங்கள். எல்லாக் கட்சியிடமும் வாங்கிக்கொண்டு தன் இஷ்டத்துக்குக் குத்தியவர்களும் உங்கள் தெருவில் இருக்கிறார்களே, அவர்களை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

காமராஜர் வேறு விதம். ஜனங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள், ஏற்க வேண்டியதுதான் என்று நின்றார். புது ஆட்சியை ஆறு மாதம் குறை சொல்லாமல் விடுங்கள் என்று தன் கட்சிக்காரர்களை அடக்கினார் என்றும் சொல்வார்கள். மனதுக்குள் வலிக்காமல் இருந்திருக்காது. 1969 ஜனவரியில் நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் நின்று பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். மாநிலத்தில் ஆட்சியில் இருந்தது தி.மு.க.தான். விருதுநகர் ஜனங்களுக்குப் புத்தியில்லை, நாகர்கோவில் ஜனங்களுக்கு இருந்தது என்றா சொல்ல முடியும்?

ஜெயித்தவர்களுக்கும் இதில் விஷயம் உண்டு. காமராஜர் தோல்வியைக் கொண்டாட, தி.மு.க.வின் முதலமைச்சரான அண்ணா விரும்பவில்லை என்பது பரவலாகத் தெரிந்ததுதான். தேர்தலில் காங்கிரசுக்காக ஊர் ஊராகப் பேசி, தி.மு.க.வைக் கடுமையாகத் திட்டிய பெரியாரைத் தேடித் திருச்சிக்கே போனார் அண்ணா. பெருந்தன்மை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அதில் கணக்கும் தெரிகிறது. அந்தத் தேர்தலில் காங்கிரசுக்குக் கிடைத்த ஓட்டு சுமார் 41 சதவீதம். தி.மு.க.வுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு, உண்மையில் ஒரு இம்மி குறைவு. சுதந்திரா, மார்க்சிஸ்ட் என்று கூட்டணிக்கு இடம் விட்டுக் குறைவான தொகுதிகளில் நின்றதால் அப்படி, கூட்டணியைச் சேர்த்தால் பாதிக்கு மேல் வரும். இருந்தாலும் யோசியுங்கள். 51 இடத்துக்குப் பின்னால் பத்தில் நான்கு பேர் நின்றார்கள். அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்ற நம் முறை, இடங்களில் வித்தியாசத்தை ஊதிப் பெரிதாக்கிக் காட்டும். சட்டசபையில் காலியாகத் தெரிகிறவர்கள் ஊரில் காலியாகிவிடுவதில்லை.

கோபத்தில் ஏறி வந்தவர்கள்மீதும் கோபம் திரும்பும் என்பது தனிக் கதை. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லித்தான் தி.மு.க. வந்தது. அந்த ஒரு படியையும் சென்னையிலும் கோவையிலும்தான் தொடங்க முடிந்தது, மாநிலம் முழுக்கக் கொடுக்கக் கஜானா தாங்கவில்லை. மற்ற இரண்டு படி எங்கே என்று எதிர்க்கட்சி கேட்டது. கேட்கத்தான் வேண்டும்.

இன்னொரு டீ சொல்லவா? சொல்கிறேன். நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். தேர்தல் ஆணையம் படிவம் 20 என்று ஒன்றை வெளியிடும், ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை ஓட்டு என்று அதில் இருக்கும். போன தேர்தலுடையதையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். உங்கள் கட்சிக்கு எங்கே குறைந்திருக்கிறது, அங்கே தண்ணி வருகிறதா, ரேஷன் கடை எத்தனை நாள் திறக்கிறது, உங்கள் ஆட்கள் கடைசியாக அந்தப் பக்கம் போனது எப்போது என்று விசாரியுங்கள். அதற்கப்புறமும் ஜனங்கள்மீதுதான் கோபம் என்றால் வாருங்கள், உட்கார்ந்து சண்டை போடலாம். டீக்காசு நான் கொடுத்துவிட்டேன்.