ஓர் அஞ்சல்தலையும் தாது வருடப் பஞ்சமும்

இந்திய அஞ்சல் துறை 2008 டிசம்பர் 2 அன்று ‘எவர்ஷெட் விளைவு’ என்ற பெயரில் ஓர் அஞ்சல்தலையை வெளியிட்டது. தலைவர்களும் கோயில்களும் பறவைகளும் நிறைந்த அஞ்சல்தலை வரிசையில், ஓர் இயற்பியல் நிகழ்வு தன் பெயரிலேயே இடம்பெறுவது அபூர்வம். அந்த நிகழ்வு கண்டறியப்பட்ட இடம் கொடைக்கானல். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2006-இல், குறிஞ்சி பூத்த பருவத்தில் அந்தப் பூவுக்கும் ஓர் அஞ்சல்தலை வெளிவந்தது. பழனி மலைக்குச் செல்லும் எவரும் குறிஞ்சியைப் பற்றிக் கேள்விப்படாமல் திரும்புவதில்லை. எவர்ஷெட் விளைவைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களோ மிகச் சிலர்.

ஜான் எவர்ஷெட் 1907-இல் கொடைக்கானல் சூரிய வானாய்வகத்துக்கு வந்த ஆங்கிலேயர். சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகளின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து அவர் ஆராய்ந்தார். நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும், விலகிச் செல்லும் ரயிலின் ஊதல் தணிந்தும் ஒலிப்பதுபோல, நெருங்கும் வாயுவின் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமும் விலகும் வாயுவின் கோடுகள் சிவப்புப் பக்கமும் நகரும். கரும்புள்ளி ஒரு சுழல் என்று அன்றைய அறிஞர்கள் பலர் எண்ணினர். ஆனால், 1909 ஜனவரி 5 அன்று எடுத்த படங்களில் எவர்ஷெட் கண்டது வேறு. கரும்புள்ளியின் இருண்ட மையத்தைச் சூழ்ந்த மங்கலான வளையத்தில், வாயு சுழலாமல் மையத்திலிருந்து வெளிப்புறமாகப் பாய்ந்துகொண்டிருந்தது. அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர். இன்றைய சூரிய இயற்பியலிலும் இந்தப் பாய்வு ஆராயப்படும் பொருளாகவே இருக்கிறது.

அஞ்சல்தலை நினைவுகூர்ந்தது இந்தக் கண்டுபிடிப்பைத்தான். இதற்குப் பின்னால் உள்ள கேள்வி இன்னும் முக்கியமானது: சூரியனை ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வகத்தைக் கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேலே, பழனி மலையில் கட்ட ஆங்கிலேய அரசு ஏன் முன்வந்தது?

விடை 1876-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு பருவமழை பொய்த்தது. தமிழகத்தின் நினைவில் ‘தாது வருடப் பஞ்சம்’ என்று நிலைத்துவிட்ட கொடுமை 1878 வரை நீடித்தது. இந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, அப்போது நிவாரணக் கூலிக்கு வந்தவர்களின் கைகளால் வெட்டப்பட்டதே. மக்கள் மடிந்துகொண்டிருந்தபோதும் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நாள் முழுதும் உழைத்த கூலியாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாண சுகாதார ஆணையரான கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார்.

1877-இல் லண்டனில் வேறொரு விளக்கமும் முன்வைக்கப்பட்டது. வானியலாளர் நார்மன் லாக்கியரும் இந்தியப் புள்ளிவிவரத் துறையை நடத்திய வில்லியம் ஹண்டரும், சென்னையின் மழைப் பதிவுகளைச் சூரியனின் கரும்புள்ளிகளோடு ஒப்பிட்டனர். கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. அவை குறையும் காலத்தில் மழையும் குறைகிறது என்பது அவர்களின் வாதம். அறிவியலாளர்களுக்கு அது நேர்மையான ஆய்வுக் கேள்வி. ஆட்சியாளர்களுக்கோ, பழியைச் சூரியன்மேல் போட்டுவிடும் வசதியும் அதில் இருந்தது.

பஞ்சத்துக்குப் பின் அமைந்த ஆணையம், சூரியனைத் தொடர்ந்து ஆராயவேண்டும் என்று பரிந்துரைத்தது. பழனி மலையையும் நீலகிரியையும் மிச்சி ஸ்மித் ஆராய்ந்து பார்த்தார். இறுதியில் கொடைக்கானல் தேர்வாயிற்று. 1895-இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 18-ஆம் நூற்றாண்டிலிருந்து இயங்கிவந்த மதராஸ் வானாய்வகத்தின் வானியல் பணி 1899-இல் மலைக்கு மாறியது. ஆக, மழையைப் பற்றிச் சூரியனிடம் கேட்பதற்காகவே அந்த ஆய்வகம் எழுந்தது.

சூரியனிடமிருந்து அந்த விடை கிடைக்கவில்லை. 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கருக்கு, கரும்புள்ளிகளைக் கொண்டு பருவமழையை நம்பகமாக முன்கணிக்க இயலவில்லை. பல நாடுகளின் பதிவுகளை ஒப்பிட்ட அவர், பசிபிக், இந்தியப் பெருங்கடல்கள்மீது காற்றழுத்தம் மாறி மாறி ஏறி இறங்குவதை உணர்ந்து, அதற்குத் ‘தென் அலைவு’ என்று பெயரிட்டார். பின்னர் எல் நினோவோடு அது இணைத்துப் புரிந்துகொள்ளப்பட்டது. 1876-78 வறட்சிக்குப் பின்னால் மிக வலுவான எல் நினோ இருந்தது என்பது இன்றைய ஆய்வுகளின் முடிவு. மழை பொய்த்ததற்குக் கடல் காரணம். அந்த வறட்சி இத்தனை உயிர்களைக் குடித்ததில் ஆட்சியின் பங்கு பெரிது.

மழைக்கு விடை சொல்லாவிட்டாலும் கொடைக்கானலின் உழைப்பு வீணாகவில்லை. 1904 முதல் வானம் தெளிந்த நாள்களில் சூரியனைப் படமெடுக்கும் வழக்கம் அங்கே தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. அந்தக் கண்ணாடித் தகடுகள் இப்போது மின்னணுப் படங்களாக்கப்பட்டு, உலக ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. சூரியனின் நூற்றாண்டுக் கால மாற்றங்களை ஒரே இடத்துப் பதிவுகளில் காணும் வாய்ப்பு அரிது. 2023-இல் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முதன்மைக் கருவியை உருவாக்கிய இந்திய வானியற்பியல் நிறுவனமே கொடைக்கானல் ஆய்வகத்தையும் நடத்துகிறது.

அஞ்சல்தலை ஒரு நாளையும் ஒரு பெயரையும் மட்டுமே தாங்கக்கூடிய சிறு காகிதம். அதற்குள் யார் இடம்பெறுவது என்பது நம் தெரிவு. பரங்கிமலையில் 1802-இல் தொடங்கிய மாபெரும் நில அளவைப் பணிக்கு 2004-இல் அஞ்சல்தலைகள் வெளியானபோது, ராதாநாத் சிக்தர், நைன் சிங் என்னும் இந்தியர்களின் முகங்கள் அவற்றில் இடம்பெற்றன. காலனிய அறிவியலின் நினைவை விரிவாக்கிக்கொள்ள முடியும் என்பதற்கு அது நல்ல முன்னுதாரணம். அயர்லாந்து தன் பெரும் பஞ்சத்தின் 150-ஆம் ஆண்டை 1997-இல் அஞ்சல்தலைகளால் நினைவுகூர்ந்தது. துயரத்தையும் அஞ்சல்தலையில் பதிக்கலாம் என்பதற்கு அது சான்று.

தாது வருடப் பஞ்சத்துக்கு 2026 முதல் 2028 வரை 150 ஆண்டுகள் நிறைவடைகின்றன. கண்டுபிடிப்பின் நூற்றாண்டுக்கு அஞ்சல்தலை வெளியிட்ட நாடு, அந்தக் கண்டுபிடிப்புக்கு இடமளித்த ஆய்வகம் யாருடைய மரணங்களின் பேரில் எழுந்ததோ அவர்களுக்கும் ஒன்றை வெளியிடவேண்டும். அஞ்சல்தலையோடு தரப்படும் தகவல் மடலில் பஞ்சத்தையும் ஆய்வகத்தையும் இணைக்கும் இந்த வரலாறு சில பத்திகளாக இடம்பெற்றால், கொடைக்கானலுக்குச் செல்லும் மாணவர் அந்த வெண்ணிறக் குவிமாடங்களை வேறு கண்களால் பார்ப்பார்.