முதலில் அண்டாவைக் கேளுங்கள்: பிரியாணி ஊரில் சைவர் சாப்பிடும் வழி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று நீளும் தோல் பதனிடும் ஊர்களில் கல்யாணம், உணவுத் திருவிழா, புது ஓட்டல் திறப்பு எதுவானாலும் பிரியாணி இல்லாமல் நடக்காது. அழைப்பு எல்லோருக்கும் போகும். வருகிறவர்களில் பிறந்ததிலிருந்தே சைவமாக இருப்பவர்கள் உண்டு. ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள், புரட்டாசியில் கவிச்சி தொடாதவர்கள், ஆரணி, போளூர்ப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களும் உண்டு. கூட்டம் நெருக்கும் இடத்தில் இவர்கள் எதைத் தயங்காமல் சாப்பிடலாம், எதைக் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும்?

2014-ஆம் ஆண்டு மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் முழுச் சைவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. ஆகவே சமைப்பவர் சைவரை மனத்தில் வைத்துச் சமைக்கவில்லை என்றால் அதில் வியப்பில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வது சாப்பிட வருகிறவரின் பொறுப்பு.

குஸ்கா சைவம் அல்ல

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். “பீஸ் வேண்டாம், சாதம் மட்டும் போதும்” என்று சொல்லிக் குஸ்கா வாங்கிக்கொள்கிறார்கள். அது எப்படி உருவாகிறது என்று பாருங்கள்.

அண்டாவில் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய், வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது வதங்கும். ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது அடுத்து விழும். ஆம்பூர் பிரியாணியின் நிறமும் காரமும் அதிலிருந்துதான் வருகின்றன. பிறகு தயிர், தக்காளி, கறி. கறி வெந்து அதன் சாறும் கொழுப்பும் மசாலாவில் இறங்கிய பின், பாதி வெந்த சீரகச் சம்பா அரிசியை வடித்து மேலே கொட்டுவார்கள். மூடியை இறுக்கி, அதன்மேல் தணல் அள்ளிப் போட்டுத் தம் கட்டுவார்கள். அந்த நேரத்தில் கீழிருந்து எழும் கறிச்சாற்றின் ஆவியையும் கொழுப்பையும் ஒவ்வொரு பருக்கையும் உறிஞ்சிக்கொள்கிறது.

அந்த அண்டாவிலிருந்து கறித்துண்டு வராமல் அள்ளிப் போடுவதுதான் பிரியாணிக் கடைக் குஸ்கா. மீனை எடுத்துவிட்டால் மீன் குழம்பு சைவமாகிவிடாது, குஸ்காவும் அப்படித்தான். “அரிசியைத் தனியாகத்தான் வேகவைக்கிறோம்” என்று கடைக்காரர் சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் தனியாக வெந்தது பாதிதான், மீதி வெந்தது கறியோடு.

வெஜிடபிள் பிரியாணி என்று எழுதியிருந்தாலும் ஒரு வார்த்தை கேளுங்கள். தனி அண்டாவில் காய்கறியோடு தம் போட்டதா, அல்லது குஸ்காவில் வெந்த காய்களைக் கிளறியதா என்பது தட்டைப் பார்த்தால் தெரியாது.

தொட்டுக்கொள்ள வருபவை

ஆம்பூர் பிரியாணிக்குக் கத்திரிக்காய்தான் துணை. புளி, வேர்க்கடலை, எள் சேர்த்துச் சுண்டவைத்த அந்தக் கத்திரிக்காய் பெரும்பாலும் சைவமே. வேலூர் மாவட்டம் இலவம்பாடியின் முள் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பக்கம் வரும் சைவர் தேடிச் சாப்பிட வேண்டிய காய் இது. மணத்துக்காகக் கறிக்குழம்பு ஒரு கரண்டி அதில் சேர்ந்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தால்சாவில் எச்சரிக்கை தேவை. பருப்பும் கத்திரிக்காயும் மாங்காயும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதற்குச் சுவை கூட்ட ஆட்டெலும்பைப் போட்டு வேகவைப்பது வழக்கம். எலும்பு அடியில் தங்கிவிடும், மேலே அள்ளினால் பருப்புக் குழம்பு போலவே இருக்கும். தயிர் வெங்காயப் பச்சடியில் இந்தச் சிக்கல் இல்லை.

எண்ணெயும் கல்லும்

விழாக் கடைகளில் காலிஃபிளவர் வறுவலும் சிக்கன் 65-உம் பெரும்பாலும் ஒரே வாணலியில் பொரிகின்றன. பரோட்டா மாவில் முட்டை சேர்ப்பவர்கள் உண்டு. முட்டை சேர்க்காத பரோட்டாவும் ஆம்லெட் போட்ட கல்லிலேயே வேகும். ஃப்ரைட் ரைஸ் கிளறும் சட்டியை ஒவ்வொரு ஆர்டருக்கும் கழுவுவதில்லை. காய்கறி சூப்பிலும் கோழி வேகவைத்த நீர் இருக்கலாம். இவற்றில் எதுவரை ஒத்துக்கொள்வது என்பது அவரவர் முடிவு. அதை விழாவுக்குப் போகுமுன்பே எடுத்துவிடுங்கள்; பசியோடு வரிசையில் நிற்கும்போது நிதானமாக யோசிக்க முடியாது.

இனிப்பில் கவலை குறைவு. கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே பருப்பு வகைகள் வைத்துப் பொரித்து, பாகில் ஊறவைக்கும் ஆற்காடு மக்கன் பேடா இந்த வட்டாரத்தின் பெருமை. பிரியாணி விருந்தோடு வரும் பிரெட் அல்வாவும் பால், நெய், சர்க்கரையில் ஆனதுதான்.

கூட்டத்தில் நடந்துகொள்ளும் விதம்

விழா தொடங்கும் நேரத்திலேயே போய்விடுங்கள். அப்போது ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனிக் கரண்டி இருக்கும். கூட்டம் ஏற ஏற, கோழிக் குழம்பில் கிடந்த கரண்டி கத்திரிக்காய்க்கும் பச்சடிக்கும் போய்வரத் தொடங்கிவிடும். பரிமாறுபவரின் கையைக் கொஞ்ச நேரம் கவனித்தாலே இது தெரிந்துவிடும்.

நுழைந்ததும் டோக்கன் வாங்காதீர்கள். ஒரு சுற்றுச் சுற்றி, விசாரித்துவிட்டு வாங்குங்கள். “இது சைவமா?” என்று கேட்டால் நெரிசலில் “ஆமா” என்றுதான் பதில் வரும். “பாய், இது தனி அண்டாவுல செஞ்சதா? தால்சாவுல எலும்பு போட்டிருக்கா?” என்று கேளுங்கள். குறிப்பாகக் கேட்டால் குறிப்பான பதில் கிடைக்கும். இந்த ஊர்களில் சைவ விருந்தாளிக்கென்று தனிச் சமையலும் தனிப் பந்தியும் வைக்கும் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்கள் உண்டு. கேட்பதால் யாரும் மனம் கோண மாட்டார்கள். ஆனால் முகம் சுளித்துக் கேட்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் ருசித்துச் சாப்பிடுவது அவருடைய உணவு, அவருடைய உழைப்பில் வந்தது.

விழா நடத்துபவர்களுக்கு

2022 மே 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடக்கும் என்று திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. அதில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்று தெரிந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழை எச்சரிக்கையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது.

ஓர் உணவை விலக்குவதால் சைவருக்கு எந்த நன்மையும் இல்லை. மாட்டிறைச்சி இல்லாத விழாவிலும் ஆட்டுக்கறி அண்டாவும் கோழி அண்டாவும் இருக்கத்தான் செய்யும். குஸ்கா குழப்பம் அப்படியே நிற்கும். ஆட்டுக்கறி சாப்பிடுபவர், மாட்டுக்கறி சாப்பிடுபவர், இரண்டும் சாப்பிடாதவர் என எல்லோருக்கும் தேவைப்படுவது ஒன்றுதான்: முன்னால் இருப்பது என்ன என்ற சரியான தகவல். பொட்டலத்தில் வரும் தின்பண்டத்தில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளியும், 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணமும் அச்சாகின்றன. அண்டாவிலிருந்து அள்ளித் தரும் உணவுக்கும் அதே தெளிவைத் தர ஓர் அட்டையும் ஒரு பேனாவும் போதும்.

ஆகவே விழா நடத்துபவர்களே, எந்தக் கடையையும் தள்ளிவைக்காதீர்கள். ஒவ்வொரு கடையிலும் என்ன கறி, என்ன எண்ணெய், தனி அண்டாவா என்று தமிழில் பெரிதாக எழுதிவையுங்கள். சைவக் கடைகளை ஓர் ஓரமாகச் சேர்த்து, தனிக் கரண்டியும் தனி ஆளும் கொடுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களே, தயங்காமல் போங்கள், கேட்டுச் சாப்பிடுங்கள். கத்திரிக்காயும் மக்கன் பேடாவும் உங்களுக்கும் சேர்த்துத்தான்.