எடுத்த பாடத்தை விடுவது இழுக்கா?

பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்துவிட்டால் அன்று நம் வீடுகளில் பெருநாள்தான். வாப்பாவின் முகத்தில் கடன் கவலை மறைந்துவிடும். உம்மா அயலெல்லாம் இனிப்புக் கொடுப்பார். ஆனால் உள்ளே போன பிள்ளை முதல் வாரத்திலேயே எடுக்க வேண்டிய ஒரு தீர்மானத்தைப் பற்றி வீட்டில் எவரும் பேசுவதில்லை. எத்தனை பாடங்களுக்குப் பதிவது, பதிந்தவற்றில் எதைப் பின்னர் விடுவது என்பதே அது.

அன்பு வாசகர்களே! இதைச் சிறிய விடயமென்று எண்ணிவிடாதீர்கள். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்கள் பல புத்தளத்தில் ஆண்டுக்கணக்கில் அகதிகளாக வாழ்ந்தன. அவற்றுட் சில 2009க்குப் பின் சோனகத் தெருவுக்கு மீண்டு வந்தன. அந்த வீடுகளிலிருந்து பல்கலைக்கழக வாசலை முதன்முதலாக மிதிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கேட்டறிய அவர்களுக்கு அண்ணன் இல்லை, ராத்தா இல்லை. ஆகவே தோழன் எடுப்பதைத் தானும் எடுக்கிறார்கள். பாரம் தாங்காதபோது யாருக்கும் சொல்லாமல் வகுப்பை விட்டு ஒதுங்குகிறார்கள்.

இதற்கு நம் பள்ளிக்கூடப் பழக்கமும் ஒரு காரணம். உயர்தரத்தில் முன்னர் நான்கு பாடங்கள் இருந்தன. 2000ஆம் ஆண்டு முதல் மூன்றாயின. அந்த மூன்றில் ஒன்றைக் கைவிட்டால் பல்கலைக்கழகக் கனவும் போயிற்று. எனவே ‘பாடத்தை விட்டேன்’ என்றாலே தோல்வி என்று பிள்ளையும் பெற்றோரும் கருதிப் பழகிவிட்டனர். பல்கலைக்கழகத்தின் வழியோ வேறு. அங்கே கட்டாயப் பாடங்களுடன் மாணவர் தாமே தேர்ந்தெடுக்கும் பாடங்களும் உண்டு. இந்தத் தெரிவு முறை அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில், 1869 முதல் 1909 வரை அதன் தலைவராயிருந்த சார்ள்ஸ் எலியட்டின் காலத்தில் பெரிதும் விரிந்தது. தெரிவு என்று வந்துவிட்டால், பிழையாகத் தெரிந்ததை மாற்றவும் வழி வேண்டுமல்லவா? அதனால்தான் பருவத் தொடக்கத்தில் பாடம் சேர்க்கவும் நீக்கவும் ஒரு தவணை வைக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கல்வியாண்டுக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிட வேண்டிய 50 மணி நேரம். விரிவுரை மட்டுமன்றி, வீட்டிற் படிப்பது, ஒப்படை எழுதுவது, பரீட்சைக்கு ஆயத்தமாவது எல்லாம் இதில் அடங்கும். ஒரு பருவத்துக்கு 15 கிரெடிட் என்றால் 750 மணி நேரம். பருவம் 15 வாரம் என வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 50 மணி. இதன்மேல் 3 கிரெடிட்டில் ஒரு பாடம் கூட்டினால் வாரத்துக்கு இன்னும் 10 மணி. அதாவது ஆறு நாளும் நாளுக்குப் பத்து மணி நேரம்! மாலையில் டியூஷன் கொடுத்துக் குடும்பத்துக்கு உதவும் பிள்ளைக்கு இது இயலுமா?

புள்ளிக் கணக்கையும் பாருங்கள். தலா 3 கிரெடிட் கொண்ட ஐந்து பாடங்களில் ‘பி’ எடுத்தால் சராசரி 3.00. ஆறாவதாக ஒரு பாடத்தை எடுத்து அதில் ‘டி’ வந்தால், அதுவும் கணக்கிற் சேருமிடத்து, சராசரி 2.67 ஆகிவிடும். வகுப்புச் சித்திக்கு 3.00 கேட்கும் இடத்தில் இது எவ்வளவு பெரிய இழப்பு!

அப்படியானால் கூடுதல் பாடமே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. முதலிரு வாரங்கள் ஒரு பாடத்தில் இருந்து பார்த்து, விரிவுரையாளரின் போக்கையும் பாடத்திட்டத்தையும் அறிந்து தீர்மானிப்பது அறிவுடைமைதான். தவணைக்குள் விடும் எண்ணத்தோடு ஒரு பாடம் கூடுதலாகப் பதிவதில் தவறில்லை. ஆனால் பிடிக்காததைப் பிடித்துக்கொண்டே இருப்பதும், சொல்லாமல் விட்டுப் போவதும் தவறு.

விடுமுன் நான்கு கேள்விகள்

ஒன்று: இதை விட்டால் இந்தப் பருவத்துக்கு வேண்டிய மிகக் குறைந்த கிரெடிட் மிஞ்சுமா? இரண்டு: அடுத்த ஆண்டுப் பாடமெதற்கும் இது முன்தேவையா? சிறப்புப் பட்டத்துக்குப் போக இது வேண்டுமா? மூன்று: நீக்குவதற்குரிய கடைசித் திகதி எது? பீடத்துக்குப் பீடம் இது வேறுபடும், கைநூலில் பாருங்கள். நான்கு: பாடம் கடினம் என்பதற்காக விடுகிறேனா, அல்லது முதல் ஒப்படையிற் புள்ளி குறைந்துவிட்டதே என்ற வெட்கத்தினாலா? வெட்கம்தான் காரணமென்றால் விடாதீர்கள். விரிவுரையாளரிடம் போய்ப் பேசுங்கள்.

விடுவதென்று முடிவானால் எழுத்தில் விடுங்கள். படிவத்தை நிரப்பிப் பீட அலுவலகத்திற் கொடுத்து, பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள். பல பீடங்களில் 80 சதவீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். பெயரை நீக்காமல் வகுப்புக்கு மட்டும் போகாதிருந்தால் அந்தப் பாடம் உங்கள் பதிவேட்டில் ஒரு கறையாகவே நிற்கும். இன்னுமொன்று: ஆய்வுகூடத்தில் இடம் எண்ணித்தான் இருக்கிறது. வேண்டாத இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது இன்னொரு பிள்ளையின் ஹக்கைத் தடுப்பதாகும். திறந்த பல்கலைக்கழகத்திற் படிப்போருக்கு இது காசுக் கணக்கும் ஆகும். அங்கே பாடம் பாடமாகக் கட்டணம் செலுத்த வேண்டும்.

அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டே உயர்தரத்துக்கும் ஆயத்தமாகி, அதற்குமேல் இன்னுமொரு டிப்ளோமாவுக்கும் பதியும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். மூன்றிலும் கால் வைத்து மூன்றிலும் அரைகுறையாக நின்றவர்களை ஆசிரியனாக நான் கண்டிருக்கிறேன். ஒன்றைத் தள்ளிவைத்து இரண்டில் தேறியவர்களையும் கண்டிருக்கிறேன்.

நம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் படித்தவர். வரலாற்றில் மேற்படிப்புக்காகக் கேம்பிரிட்ஜ் சென்றவர், சிவில் சேவைப் பரீட்சையிற் சித்தியடைந்ததும் அந்தப் படிப்பை விட்டுத் திரும்பி 1935இல் பதவியேற்றார். கல்விக்கு அவர் முதுகு காட்டினாரா? இல்லை. 1945இல் முஸ்லிம் மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் நிதியம் அமைத்தார். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராயிருந்தார். காரணம் தெளிந்து ஒன்றை விடுவது வேறு. சோர்ந்து நழுவுவது வேறு.

பெற்றோரே! பிள்ளை ‘ஒரு பாடத்தை விட யோசிக்கிறேன்’ என்று சொன்னால் சினந்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏழு பாடம் படிக்கிறதே என்று ஒப்பிடவும் வேண்டாம். ‘கடைசித் திகதி எப்போது, மகன்?’ என்று கேளுங்கள். உங்கள் முகத்துக்கு அஞ்சி மறைக்கும் பிள்ளைதான் தவணையைத் தவறவிடுகிறது.