மின் சுற்றும் அதன் கணக்கும்

பழைய முறையில் கோத்த வண்ண விளக்குச் சரத்தைக் கோயில் திருவிழாவில் கண்டிருப்பீர்கள். அதில் ஒரு விளக்குப் பழுதுற்றால் சரம் முழுவதும் இருண்டுவிடும். வீட்டிலோ, கூடத்து விளக்குக் கெட்டாலும் சமையலறை விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. இதற்குக் காரணம் யாது?

சரத்தில் மின்னோட்டத்திற்கு வழி ஒன்றே. அவ்வழி எங்கே அறுந்தாலும் ஓட்டம் நின்றுவிடும். இது தொடரிணைப்பு எனப்படும். வீட்டு விளக்குகள் பக்க இணைப்பில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனிவழி உண்டு.

மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டத்தின் அளவு கிடைக்கும். ஜெர்மானிய ஆசிரியர் ஓம் 1827-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். அந்நாட்டு அறிஞர் பலர் அன்று அதனைப் பொருட்படுத்தவில்லை. இலண்டன் ராயல் சொசைட்டியோ 1841-இல் காப்லி பதக்கம் அளித்து அவரைச் சிறப்பித்தது. பின்னர் 1845-இல், கோனிக்ஸ்பர்க் நகரில் இன்னும் மாணவராகவே இருந்த கிர்க்காஃப் மேலும் இரண்டு விதிகளைக் கண்டார். கம்பிகள் கூடும் சந்தியில் வந்து சேரும் மின்னோட்டமும் பிரிந்து செல்லும் மின்னோட்டமும் சமம்; வாய்க்கால் நீர் கிளைகளாய்ப் பிரிவதைப் போன்றது இது. மூடிய சுற்று ஒன்றில் அழுத்த ஏற்றங்களின் கூடுதலும் இறக்கங்களின் கூடுதலும் சமம் என்பது மற்றொன்று.

கருவிகள் மிகுந்தால் மொத்தத் தடையும் மிகும் என்று மாணவர் பலர் எண்ணுவர். பக்க இணைப்பில் உண்மை அதற்கு நேர்மாறானது. 230 வோல்ட்டு மின்சாரத்தில் 23 ஓம் தடையுள்ள நீர்சூடேற்றி ஒன்று 10 ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்கும். அத்தகைய மற்றொன்றையும் பக்க இணைப்பில் சேர்த்தால், மொத்தத் தடை 11.5 ஓம் ஆகக் குறைகிறது. பொதுக் கம்பியில் 20 ஆம்பியர் பாய்கிறது. மின்னோட்டம் இருமடங்காயின், கம்பியில் தோன்றும் வெப்பமோ நான்கு மடங்காகும்! 15 ஆம்பியர் மட்டுமே தாங்கவல்ல கம்பியாயின் உறை உருகித் தீப்பற்றவும் கூடும்.

ஆகவே பொதுவழியில், 'பியூஸ்' என வழங்கும் உருகு கம்பியைத் தொடரிணைப்பில் அமைக்கின்றனர். விளக்குச் சரத்தில் குறையாகத் தோன்றிய இயல்பே இங்குக் காவலாகிறது. மின்னோட்டம் எல்லை மீறினால் அது உருகி அறுந்து சுற்றைத் துண்டிக்கும். ஒருமுறை அறுந்ததும் சலிப்புற்று, அதனிடத்தில் தடித்த செம்புக் கம்பியைச் செருகிவிடுவோர் உளர். அவர்கள் வீட்டில் அடுத்தமுறை முதலில் உருகுவது, சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் கம்பியின் உறையே.