கூலி பேசாத வேலை

நம் மானச கங்கோத்ரியில் படித்துக்கொண்டே கைச்செலவுக்குப் பொருள் தேடும் தமிழ் மாணவர் பலர். கன்னடத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்போர் சிலர். படம் வரைவோர், கணினிக்கு நிரல் எழுதுவோர் சிலர். இவர்கள் அனைவரும் என்றேனும் ஒருநாள் ஒரு பேச்சைக் கேட்டே தீருவார்கள்: "முதலில் செய்து காட்டுங்கள், தம்பி. பிடித்திருந்தால் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம்."

செய்துகொடுத்த பின் ஒப்பந்தம் வராமற்போனால் சட்டம் துணை நிற்குமா? இரண்டு வழக்குகள் இதனை நன்கு விளக்கும்.

தில்லியில் வாழ்ந்த ஆர். ஜி. ஆனந்த் என்னும் நாடகாசிரியர் 1953-இல் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்ற நாடகத்தை எழுதினார். அடுத்தடுத்த வீடுகளில் ஒரு பஞ்சாபிக் குடும்பமும் ஒரு தென்னாட்டுக் குடும்பமும் (வடக்கே 'மதராசி' என்பார்களே, அதுதான்) நட்போடு வாழ்கின்றன. பிள்ளைகள் காதல் கொண்டதும் மாகாண வெறி தலைதூக்குகிறது. இந்நாடகத்தைக் கேள்வியுற்ற மோகன் சேகல் என்னும் படத்தயாரிப்பாளர், படமாக்கும் எண்ணத்தோடு கடிதம் எழுதினார். 1955 ஜனவரியில் அவர் தில்லிக்கு வந்தபோது, ஆனந்த் நாடகம் முழுவதையும் சொல்லிக் காட்டினார். ஒப்பந்தமும் இல்லை, முன்பணமும் இல்லை. 1956-இல் 'நியூ டெல்லி' என்ற படம் வெளிவந்தது. அதிலும் பஞ்சாபி இளைஞன், தமிழ்ப் பெண், மாகாண வெறி! பெண்ணாக நடித்தவர் வைஜயந்திமாலா.

ஆனந்த் வழக்குத் தொடுத்தார், உச்ச நீதிமன்றம் வரை சென்றார், 1978-இல் தோற்றார். கருத்துக்கும் கதைக்கருவுக்கும் பதிப்புரிமை கிடையாது, அவற்றை எடுத்துரைத்த வடிவத்துக்கே உண்டு என்றது தீர்ப்பு. வீடு வாடகைக்குக் கிடையாமை, வரதட்சணைக் கொடுமை ஆகிய வேறு செய்திகளும் படத்தில் இருந்தமையால் அது நகல் அன்று என்று முடிவாயிற்று. சட்டப்படி பிழை காண்பது கடினம். ஆயினும் நம் மனம் ஆனந்தின் பக்கமே சாய்கிறது.

மற்றொரு வழக்கு வங்காளத்தைச் சேர்ந்தது. 1944-இல் பி. கே. மண்டல் அண்டு சன்ஸ் என்னும் ஒப்பந்தக்காரர்கள், அரசு அதிகாரிகள் கேட்டுக்கொண்டபடி ஆரம்பாக்கில் கொட்டகைகள் கட்டிக் கொடுத்தார்கள். சட்டம் விதித்த முறையில் ஒப்பந்த ஆவணம் எழுதப்படவில்லை. அதையே காரணம் காட்டி அரசு பணம் தர மறுத்தது. 1961-இல் உச்ச நீதிமன்றம் கட்டியவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நியாயம் கிடைத்தது, ஆனால் பதினேழு ஆண்டுகள் சென்ற பிறகு.

அத்தீர்ப்புக்கு அடிப்படை 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு. ஒருவர் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு வேலையை மற்றொருவருக்காகச் செய்கிறார். இலவசமாகச் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை. மற்றவர் அதன் பயனை அனுபவிக்கிறார். இம்மூன்றும் இருந்தால் ஈடு தரவேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்து இல்லை என்பது தடையாகாது.

இங்கே நம் மாணவர் இடறும் இடங்கள் இரண்டு. கூச்சத்தினால், "பணமெல்லாம் எதற்கு சார், சும்மா செய்து தருகிறேன்" என்று சொல்லிவிட்டால் இரண்டாவது நிபந்தனை அங்கேயே வீழ்ந்துவிடும். கேட்டவர், "பிடிக்கவில்லை, வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டால், நீங்கள் எத்தனை இரவு கண்விழித்திருந்தாலும் மூன்றாவது நிபந்தனை நிறைவேறாது. பிரிவு பொருந்தினாலும் கிடைப்பது நியாயமான ஈடே. நீங்கள் மனத்தில் நினைத்த தொகை அன்று.

அதற்காக மாதிரியே காட்டக் கூடாது என்பதில்லை. தேவராஜ மார்க்கெட்டில் பலாச்சுளை ஒன்றைச் சுவைக்கத் தருவார்கள். பழம் முழுவதையும் தந்துவிட்டு விலை பேசமாட்டார்கள். முன்பே முடித்த வேலைகளைக் காட்டுங்கள். புதிதாகவே வேண்டுமென்றால் அரைப் பக்கம் போதும். அதுவும் வாய்மொழியாக வேண்டாம். எழுதிக் கொடுத்ததற்குப் பதிப்புரிமை உங்களுடையது. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உங்கள் கையெழுத்திட்ட எழுத்தில்லாமல் அது பிறர்க்கு மாறாது. ஆனந்தின் கதை சொல்வதுபோல், கருத்துக்கு அந்தக் காவலும் இல்லை.

மாதிரியுடன் அனுப்பவேண்டிய கடிதம் நீளமானதன்று: "தாங்கள் கேட்டபடி அரைப் பக்கம் மாதிரி இணைத்துள்ளேன். இது பார்வைக்கு மட்டும். மேற்கொண்டு செய்வதற்குப் பக்கம் ஒன்றுக்கு இத்தனை ரூபாய். பாதித் தொகை முன்பணம். சம்மதமானால் எழுத்தில் தெரிவிக்கவும்." தேதியிட்டு, படி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மறுமொழி வந்த பிறகு அடுத்த பக்கத்தைத் தொடங்கலாம்.