பேஸ் டிரம்: மரத்தை விடுங்கள், காற்றைத் திருத்துங்கள்

1964 பிப்ரவரி 9. நியூயார்க்கில் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் குழு மேடையேறியது. சுமார் 7.3 கோடிப் பேர் அதைப் பார்த்தார்கள். அன்று ரிங்கோ ஸ்டார் வாசித்தது, நியூயார்க்கிலேயே ஏற்பாடான புது லுட்விக் டிரம்ஸ். லண்டனிலிருந்து அவர் எடுத்துப்போனவை ஸ்நேர் டிரம், சிம்பல்கள், குழுவின் பெயர் தீட்டிய பேஸ் டிரம் தோல் ஒன்று, அவ்வளவுதான். 20 அங்குல அகலமுள்ள அந்தப் பிளாஸ்டிக் வட்டத்தை முன்பக்கம் மாட்டியதும் முன்பின் தெரியாத ஒரு டிரம் பீட்டில்ஸின் டிரம் ஆகிவிட்டது. 2015இல் ஏலத்துக்கு வந்தபோது அந்தத் தோல் மட்டுமே 20 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு சிகாகோவின் டேமன் அவென்யூவில் இருந்த லுட்விக் தொழிற்சாலைக்கு ஓய்வே இல்லை. அப்போது செய்த டிரம்களை இன்று பலர் பரணிலிருந்தும் பழைய பொருள் கடைகளிலிருந்தும் மீட்டெடுத்துச் சீர்செய்கிறார்கள். சிலர் பழைய நிலைக்கே கொண்டுவரப் பார்க்கிறார்கள். சிலர் தங்கள் காதுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள நினைக்கிறார்கள். இரு சாராரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: டிரம்மின் ஓசை அதன் எந்த உறுப்பிலிருந்து வருகிறது?

தோலைவிடக் கனமான காற்று

22 அங்குல விட்டமும் 14 அங்குல ஆழமும் உள்ள பேஸ் டிரம்மை எடுத்துக்கொள்வோம். அறுபதுகளில் பரவலாக விற்ற அளவு இது. உள்ளே அடைபட்டிருக்கும் காற்று ஏறத்தாழ 87 லிட்டர். அதன் எடை 100 கிராமுக்குச் சற்று மேல். கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலியெஸ்டர் தோலின் அதிரும் பரப்போ சுமார் 85 கிராம்தான். அதாவது, நாம் அடிக்கும் தோலைவிட உள்ளிருக்கும் காற்று கனமானது.

டிரம்மின் குணத்தில் பாதி இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கிறது. தோல் உள்ளும் புறமும் அசையும்போது தன் எடைக்கு நிகரான காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. சுமை கூடுவதால் அதிர்வு மெதுவாகிறது, சுருதி இறங்குகிறது. பின்தோலில் விழும் அடியை முன்தோலுக்குக் கடத்துவதும் அதே காற்றுதான். இரு தோல்களும் ஒரே திசையில் சேர்ந்து ஆடினால் தாழ்ந்த ஓசை பிறக்கும். எதிரெதிராக ஆடினால் நடுவிலுள்ள காற்று ஸ்பிரிங்போல அமுங்கி விரியும், ஓசை உயரும். பேஸ் டிரம்மின் ‘தும்’ இவ்விரண்டும் கலந்தது. முன்தோலின் இறுக்கத்தை மாற்றினால் அடி வாங்கும் தோலின் ஓசையும் மாறுவது இதனால்தான்.

வட்டத் தோலின் அதிர்வில் இன்னொரு விசித்திரம் உண்டு. வீணைத் தந்தியின் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் 2, 3, 4 மடங்குகளாக அமையும். வெறும் வட்டத் தோலில் அவை 1.59, 2.14, 2.30 மடங்கு என ஒழுங்கின்றி வரும்; காதுக்குத் தெளிவான சுருதி கிடைக்காது. மிருதங்கத்தின் நடுவில் பூசும் கருஞ்சாந்து இந்த மேற்சுரங்களை முழு எண் மடங்குகளுக்கு இழுத்துவருகிறது என்பதை சி.வி. ராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். பேஸ் டிரம் வாசிப்பவருக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. எந்தப் பாட்டின் சுருதியோடும் மோதாத, சுருதி தெரியாத அடி.

இதில் மரத்தின் பங்கு என்ன? அறுபதுகளின் லுட்விக் ஷெல், அதாவது டிரம்மின் உடலான மர உருளை, மஹோகனி, பாப்லர், மஹோகனி என மூன்று அடுக்கு. உள்விளிம்புகளில் மேப்பிள் வளையங்கள். தோலைவிடப் பல மடங்கு கனமும் விறைப்பும் கொண்ட இந்த உருளை மிகக் கொஞ்சமே அதிர்கிறது. 1972இல் லுட்விக் நிறுவனம் மரமே இல்லாமல் அக்ரிலிக்கில் விஸ்டாலைட் டிரம்களைக் கொண்டுவந்தது. லெட் செப்பலின் குழுவின் ஜான் போனம் 26 அங்குல விஸ்டாலைட் பேஸ் டிரம்மில் அரங்கங்களை அதிரவைத்தார். அவர் வாசிப்பின் கம்பீரத்தில் ஒரு குறையும் வந்துவிடவில்லை. மரத்துக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. தோல், இறுக்கம், காற்று, பெடல் முனையில் தோலை அடிக்கும் பீட்டர் ஆகியவற்றுக்குப் பிறகுதான் அதன் முறை வருகிறது. ஓசையின் பெரும்பங்கு கழற்றி மாட்டக்கூடிய உறுப்புகளில் இருக்கிறது. வரலாற்றின் பெரும்பங்கு கழற்றி மாற்ற முடியாத ஷெல்லில் இருக்கிறது. சீரமைப்பவருக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது.

விளக்கெரிந்த டிரம்கள்

வில்லியம் லுட்விக்கும் அவர் தம்பி தியோபால்டும் 1909இல் சிகாகோவில் தொழில் தொடங்கியது பேஸ் டிரம் பெடலை நம்பித்தான். வேகமாக இயங்கும் அந்தப் பெடல், பேஸ் டிரம்மைக் காலுக்குக் கொடுத்துவிட்டு இரு கைகளையும் மற்ற டிரம்களுக்கு விட்டது. அன்று தோல் என்றால் நிஜமாகவே கன்றுத்தோல். அதிலுள்ள கொலாஜன் இழைகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் தொய்ந்துவிடும். நம் ஊரில் பறையைத் தீயில் காய்ச்சுவதும் அந்த ஈரத்தை விரட்டத்தான். 1920களின் அமெரிக்க டிரம் கலைஞர்கள் பேஸ் டிரம்முக்குள் மின்விளக்கைப் பொருத்தினார்கள். அதன் சூடு தோலை உலர்வாக வைத்தது. முன்தோலில் தீட்டியிருந்த ஏரி, மலை, நிலவுக் காட்சிகளும் ஒளிர்ந்தன.

1950களின் பிற்பகுதியில் மைலார் எனும் பாலியெஸ்டர் படலம் வந்து விளக்குகளுக்கு விடைகொடுத்தது. சிக் எவன்ஸ் 1956இலும் ரெமோ பெல்லி 1957இலும் அதில் தோல் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பெட் பாலிமரை இரு திசைகளிலும் இழுத்து நீட்டிய படலம் இது. ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. பழைய டிரம்மோடு கன்றுத்தோல் கிடைத்தால் அதைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, வாசிக்க பாலியெஸ்டர் மாட்டிக்கொள்ளலாம்.

கற்பூரமும் கண்ணாடி மினுமினுப்பும்

பழைய டிரம்மில் கண்ணைப் பறிப்பது அதன் வெளியுறை. சிப்பி மினுமினுப்பு காட்டும் அக்காலத்து உறைகள் பலவும் செல்லுலாய்டு. செல்லுலோஸ் நைட்ரேட்டோடு கற்பூரம் சேர்த்துச் செய்த இந்தப் பொருளுக்கு அமெரிக்காவின் ஹையட் சகோதரர்கள் 1870இல் காப்புரிமை பெற்றார்கள். விறைப்பான நைட்ரேட்டை வளையும்படி செய்வது கற்பூரம். பூஜையறையில் மூடாமல் வைத்த கற்பூரம் நாளடைவில் தேய்ந்து மறைவதுபோல உறையிலிருந்தும் அது மெல்ல ஆவியாகிறது. அறுபது ஆண்டுகளில் உறை சுருங்குகிறது, ஒட்டு விட்டுப் பிளக்கிறது, வெடிக்கிறது. வெள்ளை முத்து நிறம் வெயிலும் புகையும் பட்டு மஞ்சளாகிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைத் தொடவே கூடாது. செல்லுலோஸ் நைட்ரேட்டை அது கரைத்துவிடும். மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும். அடுத்தது, பசையை இளக்க ஹீட் கன் பிடிப்பது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன் மூலக்கூறிலேயே வைத்திருக்கும் பொருள் இது. பற்றிக்கொண்டால் அணைப்பது கடினம். உறை எந்த வகை என்று உறுதியாகாதவரை சூடு காட்டக் கூடாது.

உலோகப் பாகங்களுக்கு எளிய வழி உண்டு. குரோம் பூச்சின் நுண்துளைகள் வழியே ஈரம் இறங்கி, அடியிலுள்ள எஃகு துருப்பிடிக்கிறது. அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் துரு உதிர்ந்து வரும். குரோமைவிட அலுமினியம் மென்மையானது என்பதால் கீறல் விழாது. தோலை இறுக்கும் திருகுகளைத் தாங்கும் லக்குகளை வினிகரில் ஊறவைப்பது வேண்டாம். பலவற்றின் உட்பொருள் துத்தநாகக் கலவை, அதை அமிலம் அரிக்கும். லக்குக்குள் இருக்கும் சிறு ஸ்பிரிங் ஒவ்வோர் அடிக்கும் ரீங்காரமிடும். அதற்குள் ஒரு துண்டு கம்பளித் துணியைச் செருகினால் அடங்கும். பெடல் கவ்வும் இடத்தில் மரவளையம் நசுங்கியிருக்கும். வளையத்தை அரைச் சுற்றுத் திருப்பி மாட்டினாலே அந்தக் காயம் மேலே போய்விடும்.

விளிம்பில் நிற்கும் முடிவு

ஷெல்லில் ஓசையை நேரடியாக ஆளும் இடம் ஒன்றே ஒன்று: தோல் அமரும் விளிம்பு. தோலின் அதிர்வு அங்கேதான் முடிகிறது. கூரான விளிம்பில் தோல் மெல்லிய கோடாகத் தொடும். மேற்சுரங்கள் நெடுநேரம் ஒலிக்கும். உருண்ட விளிம்பில் தொடுபரப்பு அதிகம். அதிர்வு சீக்கிரம் அடங்கும். பழைய டிரம்களின் ‘கதகதப்பு’ என்று ரசிகர்கள் சொல்வதில் இந்த உருண்ட விளிம்புக்குக் கணிசமான பங்குண்டு. ஆகவே, புது டிரம்போலக் கூராகக் கடைந்துவிட்டால் எதற்காகப் பழைய டிரம்மைத் தேடினோமோ அதையே சீவி எறிந்ததாகும்.

சோதிப்பது சுலபம். சமதளமான கிரானைட் பலகையில் ஷெல்லை நிறுத்தி, இருட்டில் உள்ளே விளக்கு வைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒளி கசியும் இடத்தில் விளிம்பு தாழ்ந்திருக்கிறது. பலகையில் உப்புத்தாள் ஒட்டி மெல்லத் தேய்த்துச் சமன்செய்யலாம். பல திசைகளில் விட்டத்தையும் அளந்து பாருங்கள். தோலும் வளையமும் இல்லாமல் வெகுகாலம் கிடந்த ஷெல் வட்டம் குலைந்திருக்கக்கூடும். அப்போது எவ்வளவு முறுக்கினாலும் இறுக்கம் சீராகாது.

ஓசையை மாற்றும் ஆசைக்கு வேறு வழிகள் நிறைய. 1966இல் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக், ரிங்கோவின் பேஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்தார். மேற்சுரங்கள் அமுங்கின, நெஞ்சில் குத்தும் குறுகிய அடி கிடைத்தது. பீட்டரை மாற்றினாலும் வித்தியாசம் தெரியும்: கடினமான மரமுனை தோலைத் தொட்டு நிற்கும் நேரம் குறைவு, அதனால் ‘டிக்’ என்ற தாக்கொலி தூக்கலாக வரும், கம்பளி முனை அதை மழுக்கும். முன்தோலில் 5 அங்குலத் துளையிட்டால் 87 லிட்டர் காற்று அதன் வழியே தனக்கென ஒரு தாளத்தில் வெளியே போய்வரும். கணக்குப்படி அது 60 ஹெர்ட்ஸுக்கு அருகில். கூடவே எதிரொலிப்பு குறையும், மைக்கை உள்ளே வைக்கவும் இடம் கிடைக்கும். துளை விழுவது சில ஆயிரம் ரூபாய்த் தோலில். பிடிக்கவில்லையென்றால் வேறு தோல் மாட்டலாம்.

ஷெல்லில் விழும் துளைக்கு அந்த வசதி இல்லை. மேலே டாம் டிரம் பொருத்தத் துளையிடுவதும், ஆழத்தைக் குறைக்க ஷெல்லை அறுப்பதும் ஒருவழிப் பாதைகள். எனவே மலிவானதிலிருந்து தொடங்குங்கள்: துணி, பீட்டர், தோல், இறுக்கம், முன்தோல் துளை. இத்தனைக்கும் மசியாத குறை ஏதாவது மிஞ்சினால் மட்டும் விளிம்பின் பக்கம் போகலாம். பழைய டிரம் சந்தையும் இந்த வரிசையையே ஆமோதிக்கிறது. டாம் துளை விழாத பேஸ் டிரம்மை அங்கே ‘வர்ஜின்’ என்கிறார்கள். ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு டிரம்களில் துளையிடாதது கூடுதல் விலைக்குப் போகிறது. இரண்டின் ஓசையையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வது கடினம்; விலைப் பட்டியலோ தயங்காமல் பிரித்துவிடுகிறது.